பிரெஞ்சு மொழியின் அண்மை எதிர்காலமும் நம் தமிழும்



பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோருட் பெரும்பாலோர், அம்மொழி தமக்கு முற்றும் அயலானது என்ற அச்சத்துடனேயே நூலைத் திறக்கின்றனர். அச்சம் வந்தால் மனனம் செய்யும் வழக்கமும் உடன் வரும். பொருளை உணராமல் உருப்போட்ட வாய்பாடு, தேர்வு மண்டபத்தில் ஒருகால் உதவலாம். கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் உதவாது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பிரெஞ்சு இலக்கணத்தின் ஒரு சிறு பகுதி. அந்நாட்டார் அதனை 'ஃப்யூத்யூர் ப்ரோஷ்' என்பர். 'ப்ரோஷ்' என்பது அண்மை. ஆகவே நாம் அதனை 'அண்மை எதிர்காலம்' எனலாம். இவ்வமைப்பு நமக்கு அயலானதன்று. நாம் நாள்தோறும் வழங்கும் தமிழிலேயே உள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

மன்னாரில் இருந்துகொண்டு பிரெஞ்சு இலக்கணம் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். 1983-ஆம் ஆண்டின் பின்னர் நம் வடபகுதியிலிருந்து புலம்பெயர்ந்தோருட் பலர் பிரான்சு நாட்டிற் குடியேறினர். பாரிசு நகரின் வடபாலுள்ள 'லா சப்பல்' என்னும் பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகை தாங்கிய கடைகள் வரிசையாக நிற்பதை அங்குச் சென்று வந்தோர் கூறுவர். மணமுடித்துக் கணவரிடம் செல்லவிருக்கும் பெண்களும், பெற்றோருடன் சேரவிருக்கும் பிள்ளைகளும் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். அந்நாட்டிற்கோ மொழி இப்பொழுது ஒரு வாயிற்காவலாக நிற்கின்றது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜனவரி முதலாகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, பல்லாண்டு வதிவிட அட்டை முதன்முறை பெறுவோர்க்கு 'ஏ2' என்னும் படியும், பத்தாண்டு அட்டைக்கு 'பி1' படியும், குடியுரிமைக்கு 'பி2' படியும் வேண்டப்படுகின்றன. எனவே, பிரெஞ்சு இலக்கணம் இன்று நம்மவர் சிலருக்குப் பொழுதுபோக்குக் கல்வியன்று. குடும்பம் ஒன்றாக வாழ்வதற்குரிய வழிகளுள் ஒன்று.

முதலில் இவ்வமைப்பு ஆக்கப்படும் முறையைக் காண்போம். பிரெஞ்சு ஒலிகள் முழுமையாகத் தமிழெழுத்தில் அடங்கமாட்டா. ஏறக்குறைய ஒக்கும் ஒலியையே இங்குத் தருகிறேன். பிரெஞ்சில் 'போதல்' என்னும் பொருளுடைய வினை 'அலே' என்பது. அதன் நிகழ்கால வடிவங்களை அறிந்தாற் பாதி வேலை முடிந்தது. நான் போகிறேன் என்பது 'ஜு வே'. நீ போகிறாய் என்பது 'த்யூ வா'. அவன் போகிறான், 'ஈல் வா'. அவள் போகிறாள், 'எல் வா'. நாம் போகிறோம், 'நூ ஸலோன்'. நீங்கள் போகிறீர்கள், 'வூ ஸலே'. அவர்கள் போகிறார்கள், 'ஈல் வோன்'. இவற்றில் 'ஸ' எனக் குறித்த ஒலியை வண்டின் ரீங்காரம்போல மென்மையாக ஒலித்தல் வேண்டும். பேச்சுவழக்கில் 'நாம்' என்பதற்குப் பதிலாக 'ஒன் வா' என்றே மிகுதியாகக் கூறுவர்.

இவ்வடிவங்களுள் ஒன்றன்பின் வேறொரு வினையின் மாறா வடிவத்தை வைத்தால் அண்மை எதிர்காலம் பிறக்கும். உண்ணுதலுக்கு 'மான்ஜே', பேசுதலுக்குப் 'பார்லே', புறப்படுதலுக்குப் 'பார்த்தீர்', காத்திருத்தலுக்கு 'அத்தாந்த்ர்'. ஆகவே 'ஜு வே மான்ஜே' என்றால், உண்ணப் போகிறேன். 'எல் வா பார்லே' என்றால், அவள் பேசப் போகிறாள். 'நூ ஸலோன் பார்த்தீர்' என்றால், நாம் புறப்படப் போகிறோம்.

நேயர்களே, இத்தமிழ்த் தொடர்களைச் சற்று உற்று நோக்குங்கள். 'உண்ண' என்பதும் 'பேச' என்பதும் 'புறப்பட' என்பதும் எவை? நம் இலக்கணத்தார் 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று வகுத்தவை அவை. அவை எவ்விடத்தும் மாறுவதில்லை. நான் உண்ணப் போகிறேன், நீ உண்ணப் போகிறாய், அவர்கள் உண்ணப் போகிறார்கள். மாறுவது 'போ' என்னும் வினை மாத்திரமே. பிரெஞ்சிலும் அவ்வாறே. 'மான்ஜே' அசையாமல் நிற்க, 'வே', 'வா', 'வோன்' என்பனவே மாறி வருகின்றன. இரண்டாம் வினையையும் இடத்திற்கேற்ப மாற்றிவிடுதல் தொடக்க மாணவரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. 'உண்கிறேன் போகிறேன்' என்று தமிழில் ஒருவரும் கூறார் என்பதை நினைவிற் கொண்டால் அப்பிழை நேராது.

இரு மொழிக்கும் வேற்றுமை வைப்பு முறையில் உள்ளது. தமிழில் முற்றுவினை தொடரின் இறுதியில் நிற்கும். பிரெஞ்சில் அது முன்னே வந்துவிடும். 'போகிறேன் உண்ண' என்பதே அவர்களது வரிசை. கண்ணாடியிற் காணும் உருவம் இடம்வலமாக மாறித் தோன்றுவது போன்றது இது. மாறியது வரிசை, மாறாதது கருத்து.

'போதல்' எனும் சொல் இங்கு உண்மையிலேயே நடந்து செல்லுதலைக் குறிக்கின்றதா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை என்பதற்கு நம் வீட்டு வழக்கமே சான்று. வாயிலைவிட்டு இறங்கும் பிள்ளை 'போறன்' என்று சொன்னால், வீட்டிலுள்ள முதியவர் உடனே திருத்துவார். 'போயிட்டு வாறன் என்று சொல்லு' என்பார். ஆனால், அதே பிள்ளை 'படிக்கப் போறன்', 'நித்திரை கொள்ளப் போறன்' என்று கூறும்போது அம்முதியவர் ஒன்றுங் கூறுவதில்லை. ஏன்? அங்கே 'போ' என்பது பிரிந்து செல்லுதலாகிய பொருளை இழந்து, வருங்காலத்தைக் காட்டும் துணைவினையாகி நிற்பதை இலக்கணம் கல்லாத முதியவரும் உணர்கின்றார். மழை எங்கும் நடந்து செல்வதில்லை. ஆயினும் 'மழை பெய்யப் போகிறது' என்கிறோம். பிரெஞ்சுக்காரரும் 'ஈல் வா ப்லெவுவார்' என்று அதனையே கூறுவர். இன்னும் தெளிவான சான்று வேண்டின், 'கொழும்புக்குப் போகப் போகிறேன்' என்னும் தொடரைப் பாருங்கள். முதற் 'போ' பயணம். இரண்டாவது 'போ' காலம். பிரெஞ்சிலும் 'ஜு வே அலே' என்று ஒரே வினை இருமுறை வரும்.

இனி, இவ்வமைப்பு எப்பொருளில் வழங்குகின்றது என்பதைக் காண்போம். 'அண்மை' என்ற பெயரைக் கேட்டவுடன், ஐந்து நிமிடத்தில் அல்லது ஒரு மணியில் நிகழ்வது என்று மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். கடிகாரத்தை வைத்து இதனை அளத்தல் பொருந்தாது. பத்து ஆண்டின் பின் நிகழ்வதையும் இவ்வமைப்பாற் கூறலாம். பேசுவோன் நிற்கும் இன்றைய நாளில் அந்நிகழ்ச்சியின் தொடக்கம் தென்படுகின்றதா என்பதே இங்கு நோக்கத்தக்கது.

நம் கடற்கரையில் இதற்கு எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டும். அனுபவமிக்க மீனவர் ஒருவர் வானத்தின் நிறத்தையும் நீரின் அசைவையும் பார்த்துச் 'சோளகம் கிளம்பப் போகிறது' என்கிறார். இன்னும் காற்று வரவில்லை. ஆனால், அதன் வரவுக்கான குறி அவர் கண்முன் உள்ளது. அதனாலேயே 'போகிறது' என நிகழ்கால முடிவு அங்கு வருகின்றது. 'வைகாசி பிறந்தாற் சோளகம் கிளம்பும்' என்று கூறும்போதோ அவர் வானத்தைப் பார்க்கவேண்டியதில்லை, அது பொதுவறிவு. அவ்வாறே, கர்ப்பவதியாயுள்ள பெண்ணைப் பற்றிப் பேசுகையில் 'குழந்தை பிறக்கப் போகிறது' என்போம். புதுமணம் புரிந்த பெண்ணை வாழ்த்தும்போது 'குழந்தை பிறக்கும்' என்போம். பிரெஞ்சிலும் முன்னதற்கு 'வா' என்னும் அண்மை எதிர்காலமும், பின்னதற்குத் தனி எதிர்காலமும் வரும்.

தனி எதிர்காலம் என்றேனே, அஃது யாது? தமிழில் 'உண்பேன்', 'வருவேன்' என்பன போன்று, பிரெஞ்சில் வினையின் ஈற்றில் விகுதி சேர்த்து ஆக்கப்படுவது. 'உண்பேன்' என்பதற்கு 'ஜு மான்ஜ்ரே' என்பர். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிய, மதிலின்மேல் ஏறி நிற்கும் சிறுவனை எண்ணிப் பாருங்கள். 'கவனம், விழப் போகிறாய்!' என்று தாய் கூவுகின்றாள். 'விழுவாய்!' என்று அவள் கூவுவதில்லை. அவ்வாறு கூறின், அது சாபம் போல ஒலிக்கும். பிரெஞ்சுத் தாயும் 'த்யூ வா தோம்பே!' என்றே எச்சரிப்பாள். தனி எதிர்காலத்தை அவ்விடத்து வழங்கினால், எச்சரிக்கை மறைந்து வருவதுரைத்தலாகிவிடும்.

இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. அயல்நாட்டிலிருக்கும் மகன் மன்னாரிலுள்ள தாயிடம் தொலைபேசியிற் பேசுகின்றான். 'அடுத்த ஆவணியில் மடுப் பெருநாளுக்கு வருவேன், அம்மா' என்கிறான். தாய் மகிழ்கின்றாள், ஆயினும் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்குவதில்லை. மற்றொரு நாள் 'ஆவணியில் வரப் போகிறேன்' என்கிறான். அன்றே அவள் அயலாருக்குச் செய்தி சொல்கின்றாள். 'வருவேன்' என்பது வாக்கு; 'வரப் போகிறேன்' என்பது ஏற்பாடு. பயணச்சீட்டு வாங்கப்பட்டது, விடுமுறை கிடைத்தது என்னும் செய்திகள் அந்தப் 'போகிறேன்' என்ற சொல்லுக்குள் அடங்கியுள்ளன. பிரெஞ்சு மொழியிலும் இவ்வேறுபாடு பெரும்பாலும் இவ்வாறே உள்ளது. வாக்களிக்கத் தனி எதிர்காலமும், முடிவுசெய்து தொடங்கிவிட்டதைக் கூற அண்மை எதிர்காலமும் வரும். அலுவலகத்தில் ஓர் அதிகாரியின்முன் நின்று தம் வேலையையும் வீட்டையும் பற்றிக் கூறவேண்டியவர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இங்குத் தமிழர் கவனிக்கவேண்டிய ஓரிடர் உள்ளது. நம் 'செய்வான்', 'செய்யும்' என்னும் வடிவங்கள் எதிர்காலத்தை மட்டும் குறிப்பதில்லை. வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கும். 'அவர் நாள்தோறும் விடியலிற் கடலுக்குப் போவார்' என்பது நாளைய செய்தியன்று, அவரது வழக்கம். இதனைப் பிரெஞ்சிற் பெயர்ப்போர் எதிர்கால வடிவத்தை இட்டுவிட்டால் பொருள் மாறிவிடும். அங்கு நிகழ்காலமே வரவேண்டும். ஆனால் 'போவார்' என்பதைப் 'போகப் போகிறார்' என்று மாற்றிப் பார்த்து, பொருள் பொருந்துமாயின் அது உண்மையான எதிர்காலம் என்றும், பொருந்தாவிடின் வழக்கம் என்றும் எளிதிற் கண்டுகொள்ளலாம்.

அடுத்து, எதிர்மறை. தமிழில் 'புறப்படப் போவதில்லை' என்கிறோம். மறுக்கப்படுவது துணைவினையே. பிரெஞ்சிலும் 'நு' என்பதும் 'பா' என்பதும் துணைவினையை இருபுறமும் அணைத்து நிற்கும். 'ஜு நு வே பா பார்த்தீர்' என்பது 'புறப்படப் போவதில்லை'. விரைந்த பேச்சில் 'நு' தேய்ந்து மறைவதுண்டு, 'பா' மறைவதில்லை. ஆகவே கேட்போர் 'பா' என்னும் ஒலிக்குச் செவிசாய்த்தல் வேண்டும்.

செயப்படுபொருளாக வரும் சுட்டுப்பெயரின் இடமும் அறியத்தக்கது. 'அவனைப் பார்க்கப் போகிறேன்' என்னும்போது, 'அவனை' என்பது 'பார்க்க' என்பதை ஒட்டி அதன் முன்னே நிற்கின்றது. பிரெஞ்சிலும் 'ஜு வே லு வுவார்' என, 'அவனை' என்னும் பொருளுடைய 'லு', பார்த்தலாகிய 'வுவார்' என்பதன் முன்னரே நிற்கும். மற்றப் பொருள்களையெல்லாம் வினைக்குப் பின் வைக்கும் அம்மொழி, இங்கு மாத்திரம் தமிழ் முறையை ஒத்து நடப்பது நமக்கு வாய்ப்பாயிற்று.

ஒற்றுமை கூறிய நான் வேற்றுமையையும் மறையாது கூறுதல் கடன். தமிழில் 'சாப்பிடப் போனேன்' என்பதற்கு இரு பொருள் உண்டு. சாப்பிடுவதற்காக ஓரிடத்திற்குச் சென்றேன் என்பது ஒன்று. சாப்பிடத் தொடங்கும் தறுவாயில் இருந்தேன் என்பது மற்றொன்று. பிரெஞ்சு இவ்விரண்டையும் வேறுபடுத்தும். தறுவாயைக் குறிக்க 'ஜாலே மான்ஜே' என்றும், உண்மையிற் சென்றதைக் குறிக்க 'ஜு ஸுயி ஸலே மான்ஜே' என்றும் கூறல் வேண்டும். துணைவினையாக வரும்போது 'அலே' என்னும் வினை, நிகழ்காலத்திலும் தொடரிறந்த காலத்திலுமே இப்பொருளைத் தரும்.

மேலும், 'மழை பெய்தால்' என்பது போன்ற நிபந்தனையைக் கூறுகையில், 'ஸி' என்னும் சொல்லின்பின் அவர்கள் வெறும் நிகழ்காலத்தையே வைப்பர். தனி எதிர்காலத்தை அங்கு வைப்பதில்லை. இன்னொன்று: 'இப்பொழுதுதான் உண்டேன்' என்பதை அவர்கள், வருதற்பொருளுடைய 'வெனீர்' என்னும் வினையைக் கொண்டு, 'உண்டதிலிருந்து வருகிறேன்' என்பதுபோலக் கூறுவர். போதல் வருங்காலத்தையும், வருதல் கழிந்த காலத்தையும் காட்டுவது அவர் வழக்கு. நம் 'உண்டு வருகிறேன்' என்பது அதனோடு பொருந்தாது. உள்ளிருந்து ஒருவர் அழைக்க, 'இதோ வந்துவிட்டேன்' என்று நாம் விடையிறுப்போம். வராதபோதே வந்ததாகக் கூறுவது விரைவு பற்றி. இவ்வாறு கூறலாம் என்பதைத் தொல்காப்பியர் வினையியலில் விதித்துள்ளார். பிரெஞ்சுக்காரர் அவ்விடத்து 'ஜாரீவ்', அதாவது 'வந்து சேர்கிறேன்' என நிகழ்காலத்தால் விடையிறுப்பர். அங்கு அண்மை எதிர்காலம் சிறவாது.

'போதல்' என்னும் வினை காலங்காட்ட வருவது இவ்விரு மொழிக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் இசுப்பானிய மொழியிலும் இவ்வழக்கு உண்டு. ஆனால் எல்லா மொழியும் அதனை வருங்காலத்திற்கே ஆக்கின என்று கொள்ளலாகாது. பார்சலோனா நகரைச் சூழ்ந்து வழங்கும் கட்டலான் மொழியில், 'போகிறேன்' என்னும் வினையோடு மாறா வடிவத்தைச் சேர்த்தால் இறந்தகாலம் பிறக்கும். 'உண்ணப் போகிறேன்' போன்ற அமைப்பே அங்கு 'உண்டேன்' எனப் பொருள்படும். பிரெஞ்சுக்கு அண்டை மொழியாகிய அது வேறு வழி செல்ல, கடல்கடந்த தமிழ் பிரெஞ்சோடு ஒத்து நிற்பது வியப்பன்றோ!

இவ்வொற்றுமையைக் காண வாய்ப்பளித்த தொடர்பு புதியதுமன்று. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் முதலாம் நாள் நிர்வாகம் கைமாறும்வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தன. சட்டப்படியான மாற்றம் 1962-இல் நிறைவுற்றது. அங்கிருந்த முசே, துப்புயி என்னும் பாதிரிமார் இருவர் ஆக்கிய தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-இலும் 1862-இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. பாரிசில் தமிழ் கற்பித்த யூலியன் வேன்சோன் என்பார் 1903-இல் பிரெஞ்சில் ஒரு தமிழ் இலக்கணக் கைந்நூலை வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர் தமிழைக் கற்க அன்றே நூல் செய்தனர்.

இறுதியாக ஒன்று கூறி அமைகிறேன். இதுகாறும் தமிழின் வழியாகப் பிரெஞ்சைக் கற்றலையே பேசினோம். இவ்வழி இருபுறமும் நடக்கத்தக்கது. பாரிசிற் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியிற் பயிலும் நம் பேரப்பிள்ளைகளுள் சிலர், தொலைபேசியில் பாட்டியோடு பேசத் தமிழின்றித் தடுமாறுகின்றனர். தமிழின் வினைவடிவங்கள் எண்ணிறந்தன என்று அஞ்சி, பெற்றோரும் கற்பிக்காமல் விட்டுவிடுகின்றனர். அப்பிள்ளைகளுக்கு 'உண்பேன், உண்பாய், உண்பான்' என்னும் வாய்பாட்டை முதலில் தரவேண்டியதில்லை. 'ஜு வே மான்ஜே' என்று அவர்கள் கூறும்போது, 'அதையே திருப்பிப் போட்டுச் சொல்: சாப்பிடப் போறன்' என்று காட்டுங்கள். 'போறன், போறாய், போறான்' எனும் ஒரு வினையின் வடிவங்களை மட்டும் அறிந்தால், பார்க்க, பேச, விளையாட, வர என்று எத்தனை வினையையும் அதன்முன் வைத்து, அப்பிள்ளை தன் நாளைய பொழுதை முழுவதும் தமிழிற் கூறிவிடும். இலக்கணம் பின்னர் வரட்டும். பேச்சு முதலில் வரட்டும்.

மன்னாரிலிருந்து செல்லும் பெண்ணுக்குப் பிரெஞ்சின் வாயிலைத் திறக்கும் சாவியே, பாரிசிலிருக்கும் பேரனுக்குத் தமிழின் வாயிலையும் திறக்கும். ஆகவே, பிரெஞ்சு கற்கத் தொடங்கியிருப்போர் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நாளைக்குத் தாம் செய்யப் போகும் பத்துச் செயல்களை முதலில் தமிழிலும், பின்னர் பிரெஞ்சிலும் எழுதிப் பாருங்கள். ஐயமுள்ள இடத்தில் 'போகிறேன்' என்பதைக் கேட்டுத் தெளியுங்கள். அது உங்களை வழிதவற விடாது.